சக்கரக் கதிரையைத் திருத்தவும் ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டடங்களில் சாய்தளம் இல்லை என்று பலர் எழுதிவிட்டார்கள். இந்த முறை அந்தச் சாய்தளத்தில் ஏற வேண்டிய கதிரையைப் பற்றி எழுதுகிறேன்.

முள்ளந்தண்டில் அடிபட்டு எனக்குப் பதினொரு வருடமாகிறது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், வீட்டிலிருந்தபடி அச்சகங்களுக்கு ஒப்புநோக்கிக் கொடுக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி மின்சாரத்தில் ஓடும் சக்கரக் கதிரை ஒன்றை அனுப்பினான். அதுவரை தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் யாராவது தள்ள வேண்டும். அது வந்த பிறகுதான் நானே சந்தைக்குப் போய், முருங்கைக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்கினேன்.

அந்தக் கதிரை ஒருநாள் காலி வீதியைக் கடக்கும்போது மஞ்சள் கோட்டுக் கடவையின் நடுவில் நின்றுவிட்டது. கதிரையை இயக்கும் கைப்பிடியான ஜோய்ஸ்டிக்கில் சிவப்பு விளக்கு ஏழு தடவை மின்னும், நிற்கும், மறுபடி ஏழு தடவை மின்னும். இரண்டு பக்கமும் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஓட்டோக்காரத் தம்பிமார் நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள், அசையவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள பிடியை விடுவித்தால்தான் சக்கரம் உருளும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதற்றத்தில் வாயில் வார்த்தை வரவில்லை. கடைசியில் கதிரையோடு சேர்த்து என்னை இழுத்துத்தான் நடைபாதைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்படிப்பட்ட கதிரைகளை விற்கும் ஓரிடத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். "எங்களிட்ட வாங்கேல்லத்தானே" என்றார்கள். இன்னோரிடத்தில் கதிரையைப் பார்க்காமலே, புதிதாக ஒன்று வாங்குவதுதான் நல்லது என்றார்கள். பிறகு பஞ்சிகாவத்தையில் ஓட்டோக்களுக்கு வயரிங் வேலை செய்யும் ஒரு தம்பியைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்கே வந்தார். பன்னிரண்டு வோல்ட் பற்றரிகள் இரண்டையும் சோதித்தார், வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அக்கா, பற்றரி ரெண்டும் நல்லா இருக்கு. ஏழு தடவை மின்னினா ஜோய்ஸ்டிக் பக்கம் பிழை எண்டு போனில பாத்தன். ஆனா உள்ளுக்குப் பாக்கிற சொப்ட்வேரையும் புத்தகத்தையும் கொம்பனி தன்ர ஏஜென்டுக்கு மட்டும்தான் குடுக்குதாம்" என்றார். போகும்போது காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விடவில்லை, அவ்வளவுதான்.

கதிரை நாற்பத்தேழு நாள் மூலையில் கிடந்தது. அந்த நாட்களில் பழைய தள்ளு கதிரையில் இருந்தேன். அதன் சீலை தொய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது. எங்களைப் போன்ற பலருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. புண் வந்தாலும் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. எனக்கும் அப்படித்தான், ஒரே இடம் நெடுநேரம் அழுந்துவதால் வரும் அழுத்தப் புண் வந்தது. காய்ச்சலோடு ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தேன்.

ஆசிரியரே, இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே இனிமேல் சொல்லப் போவதுதான். அந்த ஆறு நாள் செலவை என் கணவரின் வேலைத்தலக் காப்புறுதி கொடுத்தது. கட்டில், மருந்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டது எல்லாமே பொலிசியில் இருக்கிறது. புண் வராமல் தடுத்திருக்கக்கூடிய கதிரையைத் திருத்த ஒரு சதம் கூடக் கிடையாது. கேட்டபோது, அது வீட்டுத் தளபாடம் போன்ற உடைமை, சிகிச்சை அல்ல என்றார்கள். தளபாடமாம்! அது என் கால்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2022இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்சாரச் சக்கரக் கதிரை செய்யும் நிறுவனங்கள் உதிரிப்பாகம், மென்பொருள், கருவி, திருத்தும் கையேடு ஆகியவற்றைக் கதிரைக்காரருக்கும் தனியார் திருத்துநர்களுக்கும் நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும். கனெக்டிகட் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பத்து வேலை நாட்களுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்கிறது. வாஷிங்டன் மாநிலமும் 2025இல் இந்த வரிசையில் சேர்ந்தது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்டில் முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார், வீட்டுக்குள் நடமாடத் தேவையா என்று பார்த்துத்தான் கதிரைக்குப் பணம் கொடுக்கிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் ஆசை அதன் கணக்கில் இல்லை.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எல்லாம் கட்டடம், கழிப்பறை, சாய்தளம். பழுதான கதிரையோடு வீட்டுக்குள் கிடப்பவருக்கு இவற்றால் என்ன பயன்?

2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அதன் 20ஆம் உறுப்புரை, நடமாட உதவும் தரமான சாதனங்கள் கட்டுப்படியாகக்கூடிய விலையில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 25ஆம் உறுப்புரை, மருத்துவக் காப்புறுதியிலும் ஆயுள் காப்புறுதியிலும் எங்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் சக்கரக் கதிரை வழங்குவது பற்றி 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் எட்டுப் படிகள் உண்டு. எட்டாவது, கதிரையைக் கொடுத்த பிறகும் தொடர்ந்து பார்ப்பதும் பராமரித்துத் திருத்துவதும். இங்கே கதிரை கொடுக்கும் விழாவில் மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். ஆறு மாதத்தில் முன் சக்கரத்து பேரிங் கடல் காற்றில் துருப்பிடித்தால் யாரிடம் போவது?

கண்டவரும் திருத்தினால் ஆபத்து என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை, பிரேக் பிழைத்தால் விழப்போவது நான்தான். ஆனால் கையேடு கையில் இருக்கும் தம்பியைவிட, அது இல்லாமல் ஊகத்தில் கழற்றுபவர்தான் எனக்கு ஆபத்து. காருக்கும் ஓட்டோவுக்கும் எந்தக் கராஜிலும் பிரேக் திருத்த விடுகிறோம். அவை கதிரையைவிட வேகமாக ஓடுபவை.

அதனால் பாராளுமன்றத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். கதிரையை இறக்குமதி செய்து விற்பவர், இத்தனை வருடத்துக்கு உதிரிப்பாகமும் கையேடும் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். சின்ன வியாபாரிகளால் எல்லாச் சாமானையும் வாங்கி அடுக்க முடியாது, அது எனக்கும் விளங்குகிறது. கையேட்டைக் கொடுக்கக் களஞ்சியம் தேவையில்லையே. கதிரை திருத்தும் செலவையும் சிகிச்சைச் செலவாக எடுக்கும்படி காப்புறுதிக்காரரிடம் சொல்லுங்கள். அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதி அரசின் கையில்தான் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். திருத்தும் நாட்களுக்கு, உடம்பின் அளவுக்குப் பொருந்தும் ஒரு மாற்றுக் கதிரையும் வேண்டும். எனக்கு அது கிடைத்திருந்தால் அந்தப் புண் வந்திராது.

கடைசியில் தம்பிதான் அதே மாதிரிக் கதிரையின் பழைய ஜோய்ஸ்டிக் ஒன்றைத் தேடி, ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் அனுப்பிவைத்தான். பஞ்சிகாவத்தைத் தம்பி வந்து அரை மணித்தியாலத்தில் மாட்டிவிட்டார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொழும்பு 06.