பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்பா, என் பிக்கப்புக்கு, தார் ரோட்டுக்கும் கல் ரோட்டுக்கும் ஆகிற மாதிரி, ரொம்ப நாள் உழைக்கிற ஆல் டெரெய்ன் டயர் எது, பெயரை மட்டும் சொல்லுங்க, வாங்கிடறேன்." நான் பெயர் சொல்லாமல் நாலு டயரையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றதும் உனக்கு எரிச்சல் வந்துவிட்டது, குரலிலேயே தெரிந்தது. போட்டோ வந்தது. ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கம்மா வந்து "என்ன, பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா" என்றாள். அப்படித்தான் வைத்துக்கொள்ளேன்.

உன் பின் டயர் இரண்டிலும் நடுவில் மட்டும் பட்டன், அதாவது தரையைத் தொடுகிற ரப்பர் கட்டைகள், தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. ஓரத்தில் புது டயரில் வருகிற ரப்பர் முடிகூட அங்கங்கே மிச்சம் இருக்கிறது. முன் டயரில் அப்படியே தலைகீழ், இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் பரவாயில்லாமல் இருக்கிறது. அதாவது பின்னால் தேவைக்கு மேல் காற்று, முன்னால் தேவைக்குக் குறைவு. இந்த செட் 50,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று நீ டயர் கம்பெனியைத் திட்டினாய் பார், அந்தக் கம்பெனி பாவம். நீ வாங்குவதற்கு முன்னால் ஓட்டியவரும் அப்புறம் நீயும் சேர்ந்து செய்த வேலை அது. இதைச் சரி பண்ணாமல் உலகத்திலேயே நல்ல டயரை வாங்கி மாட்டினாலும் அதுவும் இதே மாதிரிதான் தேயும், அதனால்தான் பெயர் சொல்லவில்லை.

இது எல்லா ஹெவி டூட்டி பிக்கப்பிலும் நடக்கிற கூத்து. டயர் பக்கத்தில் காற்று அதிகபட்சம் 80 பவுண்டு (பிஎஸ்ஐ) என்று போட்டிருக்கும், காற்று அடிக்கிறவர் அதைப் பார்த்து 80 அடித்துவிடுவார். அந்த 80 என்பது டயர் தன்னால் முடிந்த முழு லோடையும் தாங்கும்போது வேண்டிய காற்று. உன் வண்டியின் பின்பக்கம் ட்ரெய்லர் இல்லாமல், லோடு இல்லாமல், பின்னால் காலிச் சரக்குத் தொட்டியோடு வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறது. எடையே இல்லாத பின்னச்சில் 80 பவுண்டு இருந்தால் டயர் நடுவில் புடைத்துக்கொண்டு, ஒரு நாலு விரல் அகலத்தில்தான் தரையைத் தொடும். முன்பக்கம் அப்படி இல்லை, டீசல் எஞ்சினின் எடை முழுக்க எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீ இன்று காலை அளந்து சொன்ன 45 அதற்குப் போதாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முன்னுக்கு 60, பின்னுக்கு 80 என்று இருப்பதாகச் சொன்னாய். அந்தப் பின் 80 முழு லோடுக்கு. சில வண்டிகளின் கையேட்டில் லோடு இல்லாதபோது எவ்வளவு என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடிப் பார். இல்லையென்றால் எடைமேடையில் முன்னச்சு தனியாக, பின்னச்சு தனியாக நிறுத்தி எடை போட்டுக்கொள். காலியாக ஒரு தடவை, ட்ரெய்லரை மாட்டி ஒரு தடவை. பெரிய டயர் கம்பெனிகள் எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று அட்டவணை வைத்திருக்கின்றன, உன் எடையை அதில் வைத்துப் பார்த்தால் போதும், யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், என்னிடம்கூட.

அட்டவணை சரிதானா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் பட்டன் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடிமனாக ஒரு கோடு போடு. மட்டமான இடத்தில் நேராக ஒரு ஐம்பது அடி மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கிப் பார். கோடு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்து ஓரத்தில் வெள்ளை அப்படியே நின்றால் காற்று அதிகம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய லாரி டிரைவர். எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவு வருஷமாக 80 அடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ட்ரெய்லர் மாட்டுகிற நாளில் மட்டும் மறக்காமல் திரும்ப ஏற்றிவிடு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். குளிர் ஆரம்பித்ததும் இன்னொரு தடவை பார். சின்னக் காருக்கு ஆறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒரு பவுண்டு குறையும் என்பார்கள், 80 பவுண்டு இருக்கிற டயரில் அதே ஆறு டிகிரிக்கு இரண்டு பவுண்டு பக்கம் போய்விடும்.

சரி, இப்போது வாங்குகிற கதைக்கு வருகிறேன். முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன், நீ அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு கடையில் பார்க்க முரட்டுத்தனமாக, வெள்ளை எழுத்தோடு, அதே 18 இஞ்ச் ரிம்முக்குப் பொருந்துகிற ஆல் டெரெய்ன் டயர் மலிவாகக் கிடைத்தது. அளவு 275/65ஆர்18, பக்கத்தில் 116 என்று போட்டிருந்தது. பட்டன் பார்க்க ஒரே மாதிரி, விலை மட்டும் குறைவு, எனக்குப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. ஒரு ட்ரெய்லரோடு முதல் பயணத்திலேயே வண்டி பின்னால் யாரோ இடுப்பைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி ஆடியது. இரண்டாவது பயணத்தில் ஒரு வளைவில் இடது பின் டயர் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. உனக்கு அது ஞாபகம் இருக்காது, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

116 என்பது லோடு இன்டெக்ஸ், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறி, ஒரு டயருக்கு 1,250 கிலோ. அதுவும் காருக்கான டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அந்த எண்ணை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கு எடுக்க வேண்டும், 1,136 கிலோதான் வரும். இரண்டு டயருக்கு 2,270 சொச்சம். உன் வண்டிக்கு வருகிற 275/70ஆர்18, எல்டி (லைட் டிரக்) வகையில் 125/122 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரத்துக்கு 125, அதாவது 1,650 கிலோ, பின்னச்சுக்கு 3,300. சாய்கோட்டுக்கு அப்பால் இருக்கிற 122 பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட வண்டிக்கு, உனக்கு வேண்டாம். ஒரு டன் வித்தியாசத்தை நான் வெள்ளை எழுத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதனால் அளவுக்கு முன்னால் எல்டி இருக்கிறதா, லோடு ரேஞ்ச் இ என்று போட்டிருக்கிறதா, இன்டெக்ஸ் கதவு ஸ்டிக்கர் கேட்கிற எடைக்குக் குறையாமல் இருக்கிறதா, இந்த மூன்றையும் உன் கண்ணால் பார். கடையில் இந்த இ டயரைத்தான் "10 ப்ளை டயர்மா" என்பார்கள். அது பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கு, பலத்தைச் சொல்லுகிற பெயர், வெட்டிப் பார்த்தால் உள்ளே பாலியெஸ்டர் அடுக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். கரடுமுரடான கல் ரோட்டில் போகிறவளாக இருந்தால் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) மூன்று அடுக்கு இருப்பதாகப் பார்த்து வாங்கு, அங்கே கல் கிழித்தால் ஒட்டவும் முடியாது.

அப்புறம் உத்தரவாதம். நீ அனுப்பிய லிஸ்ட்டில் 65,000 மைல் என்று போட்டிருந்த டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏடி 3 உனக்குப் பிடித்திருக்கிறது போல. நல்ல டயர்தான், ஆனால் அந்த 65,000 காருக்கான அளவுகளுக்கு. அதே டயரின் எல்டி அளவுக்கு 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர்தான் தருகிறார்கள். பிஎஃப் குட்ரிச் கேஓ2-வுக்கும் அதே 50,000 மைல். ஹெவி வண்டியின் எடையும் எஞ்சின் இழுவையும் அப்படி, சில கம்பெனிகள் எல்டிக்கு எண்ணைக் கொஞ்சம் இறக்கித்தான் எழுதும். அந்த எண்ணுக்குள் டயர் தேய்ந்துவிட்டாலும் புது டயரை இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், ஓடாத தூரத்துக்கு ஏற்ற தள்ளுபடிதான். டயரை முறையாக இடம் மாற்றினதற்குச் சீட்டு கேட்பார்கள். என்னிடம் அந்தச் சீட்டு என்றைக்கும் இருந்ததில்லை.

எனக்கு நம்பிக்கை இன்னொரு கணக்கில். புது ஆல் டெரெய்ன் எல்டி டயரில் பட்டன் ஆழம் பெரும்பாலும் 12-லிருந்து 14 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே தெரிகிற சின்ன மேடு 1.6 மில்லிமீட்டர், அதைத் தொட்டால் மொட்டை டயர். ஆனால் மழைத் தண்ணீரிலும் பனியிலும் மூன்றுக்குக் கீழே போகவிடாதே. ஆக உனக்குச் செலவழிக்கக் கிடைப்பது சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினால் 80,000. ஆழம் பார்க்கிற சின்ன அளவி ஒன்று வாங்கி, ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதி வா. மூன்றும் ஒரே வேகத்தில் குறைந்தால் நீ ஜெயித்துவிட்டாய். ஒரு ஓரம் மட்டும் வேகமாகக் குறைந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், சரியில்லை. மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல். உன் முன் டயரை உள்ளங்கையால் ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் தடவிப் பார், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் அரம் மாதிரி பிடித்தால் அதுவும் அலைன்மென்ட்தான், போட்டோவில் அது தெரியாது.

எந்த மாதிரி பட்டன் என்பதற்கு அதிகம் யோசிக்காதே. நீ சொல்வதைப் பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு தார் ரோடு, மிச்சம் கல்லும் சேறும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் பக்கமே போகாதே, கட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருக்கும், லோடோடு தார் ரோட்டில் கட்டைகள் நெளிந்து சீக்கிரம் தேயும், சத்தம் வேறு. கட்டைகள் நெருக்கமாக, நடுவில் தொடர்ச்சியாக ஓடுகிற வரிகளோடு, பள்ளத்துக்குள் கல்லைத் தள்ளிவிடுகிற சின்ன முட்டுகளோடு இருக்கிற ஆல் டெரெய்னாகப் பார். அந்த முட்டு இல்லாத டயரில் நான் வாராவாரம் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு கூழாங்கல் நோண்டியிருக்கிறேன். பனி விழும் ரோட்டிலும் போவாய் என்றால் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தை மட்டும் நம்பாதே, அது பட்டன் அமைப்பை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகரம் வைத்த மலை, நடுவில் பனிச்செதில், அந்த முத்திரை பனியில் சோதித்துப் பார்த்த டயருக்குத்தான் கிடைக்கும். 35 இஞ்ச் உயர டயர் ஆசை உனக்கு இருப்பது தெரியும், உன் தம்பி சொல்லிவிட்டான். இப்போதைய 33-லிருந்து 35-க்குப் போனால் வண்டி 100 காட்டும்போது நீ உண்மையில் 106-ல் போய்க்கொண்டிருப்பாய், பிரேக்கும் கியரும் பழைய டயருக்குப் போட்ட கணக்கில்தான் இருக்கும், ட்ரெய்லர் இழுக்கிறவளுக்கு அது வேண்டாத வேலை.

நாலையும் ஒரே நேரத்தில் மாற்று. ஃபோர் வீல் போடுகிற வண்டியில் முன்னும் பின்னும் டயர் உயரம் மாறினால் கியர்ப்பெட்டிதான் அடி வாங்கும். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பின் இரண்டையும் நேராக முன்னுக்குக் கொண்டு வா, முன் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பின்னுக்கு அனுப்பு. இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம், இடம் மாறின டயரில் பழைய காற்றே இருக்கும், பின்னால் இருந்த காற்று முன்னால் வந்துவிடும். மாட்டி முடித்ததும் காற்றைச் சரிபண்ணு, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை டார்க் ரென்ச் வைத்து இன்னொரு தடவை இறுக்கு.

கடையில் மாட்டும்போது பக்கத்திலேயே நில். டிஓடி என்று ஆரம்பிக்கிற வரியின் கடைசி நாலு எண்ணைப் படி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடியில் கொடுக்கிறார்கள் என்றால் அந்த எண்ணை முதலில் பார். வேலை முடிந்து கிளம்புவதற்கு முன்னால் உன் கேஜை வைத்து நாலிலும் காற்றைப் பார், 80 அடித்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

எடைச்சீட்டு இரண்டையும் அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா

பி.கு: ஸ்டெப்னியை மறந்துவிட்டேன். தொட்டிக்கு அடியில் தொங்குகிறதே, அதை இறக்கி எத்தனை வருஷம் ஆகிறது? அதிலும் அந்த நாலு எண்ணைப் படித்துச் சொல். வண்டி வாங்கினதிலிருந்து அதற்கு யாரும் காற்று அடித்திருக்க மாட்டார்கள், சங்கிலி துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு அப்புறம் இறக்கு, அடியில் படுத்துக்கொண்டு மட்டும் இறக்காதே.