அந்த 'இயற்கை' என் மச்சான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்சிப்பிகளின் நிறங்களைப் பற்றி தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேலே அரைப்பக்கத்துக்கு ஒரு படம்: ரோஸ் நிறத்தில் சோழி மாலை, பக்கத்தில் கிளிப்பச்சையில் நாலு சங்கு. அடியில் 'இயற்கையின் கைவண்ணம்' என்று போட்டிருந்தீர்கள். ராமேஸ்வரத்தில் 31 வருடமாகச் சங்குக் கடை வைத்திருக்கிறேன். அந்த இயற்கையை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் மச்சான். எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் சாயம் காய்ச்சுவார்.

ஆசிட் தண்ணீரில் முக்கி மேல்தோலை எடுத்து, கழுவி, சாயப்பொடி கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் மேற்படி இயற்கை தயார். கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. சாயச் சங்குக்கு முதுகிலும் வாய்க்குள்ளும் ஒரே நிறம் இருக்கும். கீறலில் சாயம் திட்டாகத் தேங்கியிருக்கும். வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் சாயம் என்றுதான் சொல்கிறோம். கேட்டால்.

சரி, படம்தான் அப்படி என்றால், 'கடலின் வண்ணங்கள் மெல்ல மெல்லச் சிப்பியில் படிகின்றன' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். கடலா படியவைக்கிறது? எங்கள் கரையில் அலை ஒதுக்கும் சின்ன மட்டியை ஒரு கை அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஊதா, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளையில் கதிர்போலக் கோடு. எல்லாம் ஒரே அலையில் வந்தவை. நிறத்தைப் போடுவது உள்ளே இருக்கிற பிராணி. மேண்டில் என்கிற சதைப்போர்வையின் ஓரம்தான் சுண்ணாம்பையும் நிறமியையும் வரிவரியாகச் சேர்த்து ஓட்டினை வளர்க்கிறது. தறி மாதிரிதான். நிறம் சுரக்கும் இடம் மாறாமல் சுரந்துகொண்டே இருந்தால் வளரும் திசையில் நீளக்கோடு. ஓரம் முழுக்க விட்டுவிட்டுச் சுரந்தால் குறுக்குப் பட்டை. சுரக்கும் இடம் நகர்ந்துகொண்டே போனால் சாய்கோடு. இரண்டு சாய்கோடு முட்டிக்கொண்டால் கூம்புச் சங்கில் பார்க்கிற கூடாரம் கூடாரமான கோலம். சோழி மாதிரி சிலது விதிவிலக்கு. போர்வையை வெளியே விரித்து ஓட்டின் முதுகையே மூடி, மேலிருந்து பூசிக்கொள்ளும். அந்தப் பளபளப்பு அதனால்தான். தின்னும் பாசியைப் பொறுத்து ஓட்டின் நிறம் மாறுகிற ஜாதிகளும் உண்டு. அதுவும் வயிற்று வழியாகப் போய்த்தானே தவிர, கடல் தோய்த்து எடுத்து அல்ல.

அப்புறம், முத்துச்சிப்பியின் உட்புறத்து வானவில்லுக்கு 'அரிய நிறமிகள்' காரணமாம். அந்தச் சிப்பியைப் பித்தானுக்கு அறுத்தவன் நான். அரம் போட்டால் கொட்டுகிற தூள் வெள்ளை வெளேரென்று இருக்கும். நிறமி இருந்தால் தூளுக்கு நிறம் வராதா? அங்கே இருப்பதெல்லாம் அடுக்கடுக்கான சுண்ணாம்புத் தகடு. ஒரு தகடு தலைமுடிக் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் எப்படி நிறம் காட்டுகிறதோ அப்படித்தான் அதுவும். நிஜமான நிறமி இருப்பது அதே சிப்பியின் சொரசொரப்பான வெளிப்புறத்தில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத பழுப்பில். கடையில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டினேன். தணல் போலச் சிவந்தது. போர்பிரின் என்று சொன்னாள் விலங்கியல் படித்த என் மகள். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் குடும்பமாம். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். முன்பு ஒருமுறை, ரோமாபுரி அரசர்களின் ஊதாச் சாயத்துக்குச் சங்கின் ஓட்டினை இடித்தார்கள் என்று போட்டீர்கள். ஓட்டில் அந்தச் சாயம் கிடையாது ஐயா. அது முள்சங்கின் உடம்பிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வருவது. 1909இல் ஃபிரிட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 முள்சங்குகளிலிருந்து எடுத்த சாயம் மொத்தமே 1.4 கிராம். போன தீபாவளி மலரிலோ வலம்புரிச் சங்கு என்று ஒரு முழுப்பக்கப் படம். சாதாரண இடம்புரியைத்தான் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சடித்திருந்தீர்கள். சங்குக்குப் பின்னால் இருந்த காலண்டரின் எண்கள்கூடத் திரும்பியிருந்தன. லட்சத்தில் ஒன்று கிடைப்பதே அபூர்வம் என்பதை உங்கள் அச்சகம் ஒரே இரவில் தீர்த்துவைத்தது. மலரைக் கையில் வைத்துக்கொண்டு 300 ரூபாய்க்கு வலம்புரி கேட்டு வந்தவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். அப்போது இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். 'மலர் கிடைத்தது, தாள் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி.

இந்தத் தடவை முதல் வரியில் எதையும் பாராட்டவில்லை. அடுத்த ஞாயிறு, ஒரு மூலையில், 'படத்தில் இருப்பவை சாயமிட்ட சோழிகள், சங்குகள்' என்று ஒரே வரி போட்டால் போதும். என் பெயரைப் போட வேண்டாம், மச்சான் வருத்தப்படுவார். சென்ற கடிதத்தோடு அனுப்பிய ஐவிரல் சங்கின் புகைப்படத்தையும் திருப்பி அனுப்பக் கோருகிறேன். தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
சங்குக் கடைக்காரன்,
ராமேஸ்வரம்.