நாய் உண்ணி அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் காணப்படும் உண்ணிக் காய்ச்சல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியுடன் நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியின் படம் அச்சாகியிருந்தது. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இந்நோயைப் பரப்புவது அந்த உண்ணி அன்று. புதர்களிலும் புல் ஓரங்களிலும் வாழும், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய, ஆறு கால்களுடைய, சிற்றுண்ணியின் இளம்பருவமான லார்வாவே அதைப் பரப்புகிறது.

படத்தைவிடப் பெரிய பிழை, கிருமி ‘ரத்தத்தில் கலந்து பெருகுகிறது’ என்று எழுதியது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் இந்தப் பாக்டீரியாவால் உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருக இயலாது. ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் ஒட்டிக்கொண்டு, அச்செல்களே தன்னை விழுங்கும்படி செய்கிறது. விழுங்கிய செல் அதைப் பைபோன்ற உறைக்குள் வைத்து அழிக்கும் முன்னரே உறையைக் கிழித்துத் தப்பிவிடுகிறது. பின்னர், செல் தன் சரக்குகளை இழுத்துச் செல்ல வைத்திருக்கும் டைனீன் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல்லுக்குள் தண்டவாளம்போல் அமைந்த நுண்குழல்களின் வழியே உட்கருவின் அருகே சென்று அங்கே பெருகுகிறது. நோயாளியை டோலி கட்டிச் சுமந்து பழகிய மலைமக்களுக்கு இது எளிதில் விளங்கும். இங்கே நோய்க்கு ஆளாவது சுமக்கும் செல் என்பதே வேறுபாடு. வெளியேறும்போதும் அச்செல்லின் சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு வருகிறது.

எங்கள் எஸ்டேட்டின் லைன் வீடுகளில் வசிக்கும், கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவருக்குச் சென்ற தை மாதம் ஒரு வாரமாகியும் காய்ச்சல் விடவில்லை. பென்சிலின் இனத்து ஊசியே திரும்பத் திரும்பப் போடப்பட்டது. அவ்வகை மருந்துகள் செல்லுக்குள் போதிய அளவு புகுவதில்லை என்பதால், உள்ளே ஒளிந்திருக்கும் இக்கிருமிக்கு அவை பயன்படா. அக்குளில் பீடி சுட்டாற்போல் இருந்த கருத்த பொருக்கு வலிக்கவோ அரிக்கவோ செய்யாததால் அவரும் பொருட்படுத்தவில்லை. மருத்துவரும் தேடிப் பார்க்கவில்லை. சிற்றுண்ணி கடித்த இடம் அதுவே. பின்னர் வேறொரு மருத்துவர் அதைக் கண்டு, செல்லுக்குள் புகுந்து கிருமியின் புரத உற்பத்தியைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் கொடுத்தார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. விலை குறைந்த மாத்திரைதான். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கக்கூடிய நோய் இது.

பொருக்கு எல்லோருக்கும் தோன்றுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களில் தேடினால்தான் அது கண்ணில் படும். அடுத்த முறை இச்செய்தியை வெளியிடும்போது, உண்ணிக்குப் பதிலாக அந்தப் பொருக்கின் படத்தை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோத்தகிரி.