வெளியிட்ட மூலநிரலுக்கு ஏற்றுமதி நிபந்தனை வேண்டாம்: அமெரிக்க வணிகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வணிகத் துறையின் தொழில் மற்றும் பாதுகாப்புப் பணியகத்தின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க மென்பொருளுக்கான ஏற்றுமதி விதிகளில் எஞ்சியிருக்கும் ஒரு நிபந்தனையை நீக்குமாறு கேட்டு எழுதுகிறேன். எவரும் படிக்கும்படி வெளியிடப்படும் மூலநிரலுக்கு, அதாவது மென்பொருளை எழுதிய கட்டளை வரிகளுக்கு, முன்னறிவிப்பு தேவையில்லை என்று 2021 மார்ச்சில் விதியைத் தளர்த்தினீர்கள். ஆனால் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமைப்புகள் எதுவும் ஏற்காத, வேறெங்கும் வெளியாகாத குறியாக்கம் அந்நிரலில் இருந்தால், உங்களுக்கும் உங்கள் நாட்டு உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமைக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தாக வேண்டும் என்பது மட்டும் நீடிக்கிறது. சென்னையில் இருந்தபடி இத்தகைய பொது நிரல்களை நம்பி மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் இது என்னையும் தொடுகிறது.

தர அமைப்பின் ஏற்போடு எந்தக் குறியாக்க முறையும் பிறப்பதில்லை. பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் நிரலை வெளியிட விரும்பியபோது, ஆயுத வணிகராகப் பதிவுசெய்து உரிமம் பெற வேண்டும் என்று, குறியாக்கத்தை அன்று ஆயுதமாகக் கருதிய உங்கள் அரசு அவரிடம் சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். மூலநிரலும் அரசியலமைப்பு காக்கும் பேச்சே என்று மாவட்ட நீதிபதி மர்லின் ஹால் படேல் 1996-இல் முடிவுசெய்தார். அதே பெர்ன்ஸ்டைன் 2008-இல் வெளியிட்ட சாச்சா என்னும் குறியாக்க முறை, வெளிவந்த நாளில் எந்தத் தரப் பட்டியலிலும் இல்லை. இன்று கைப்பேசிக்கும் இணையத்தளத்துக்கும் இடையிலான பாதுகாப்பு இணைப்புகளில் அது நாள்தோறும் பயன்படுகிறது.

கட்டுப்பாடு யாரைத் தடுத்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கணினிக் கோப்பாக அனுப்பத் தடை இருந்த, மின்னஞ்சலைக் குறியாக்கும் பிஜிபி மென்பொருளின் நிரல், 1997-இல் 6000-க்கும் மேற்பட்ட பக்கங்களில் புத்தகமாக அச்சாகி, சட்டப்படியே கடல் கடந்தது. பிழையைக் கண்டுபிடிக்க வரிதோறும் சரிபார்ப்புக் குறியீடு அச்சிட்டிருந்த அந்தத் தாள்களை ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, மீண்டும் நிரலாக்கினார்கள். உறுதியுள்ளவரின் கைக்கு நிரல் போய்ச் சேர்ந்தது. இணைய உலாவியைத் தரவிறக்கிய சாதாரண வெளிநாட்டவருக்கோ, ஏற்றுமதி விதியால், குறியாக்கத்தைப் பூட்டித் திறக்கும் இரகசிய எண்ணாக 40 பிட் நீளச் சாவிதான் கிடைத்தது. அதில் சாத்தியமான சாவிகள் ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல். 1995-இலேயே ஒருவர் அதை உடைத்துக் காட்டிவிட்டார்.

2000-இல் விதிகள் தளர்ந்த பிறகும் அந்தப் பலவீனம் சேவையகங்களுக்குள் தங்கிவிட்டது. வலுவான சாவிக்குப் பதிலாக, ஏற்றுமதிக்கென்றே குறுக்கப்பட்ட 512 பிட் சாவியை (ஆர்எஸ்ஏ என்னும் குறியாக்க முறைக்குரியது) பயன்படுத்தும்படி இணைப்பை ஏமாற்றி, ஏறக்குறைய நூறு டாலர் வாடகைக் கணினி நேரத்தில் அதை உடைக்க முடியும் என்று 2015 மார்ச்சில் ஆய்வாளர்கள் நிறுவியபோது, பாதிக்கப்பட்ட தளங்களில் தேசியப் பாதுகாப்பு முகமையின் தளமும் இருந்தது. அயலாருக்கென்று வெட்டிய குழியில் உங்கள் நாட்டினரே விழுந்ததாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

குறியாக்கம் எதிரிகளின் செய்திகளை மறைத்துவிடும் என்ற உளவு அமைப்புகளின் கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆயினும் உலகமே படிக்க வெளியாகும் நிரலைப் பற்றிய ஒரு மின்னஞ்சல் எந்தக் குற்றவாளியையும் தடுக்காது. சட்டம் தெரியாத மாணவரைத்தான் வெளியிடத் தயங்க வைக்கும். மேலும், 'வேறெங்கும் வெளியாகாத' என்னும் சொற்கள், முதன்முதலாக நிரலாகவே வெளியாகும் முறைக்குப் பொருந்துமா என்பது வழக்கறிஞர் துணையின்றி விளங்குவதாக இல்லை.

எனவே, வெளியிடப்பட்ட மூலநிரல் அனைத்துக்கும் இந்த அறிவிப்புக் கடமையை நீக்குங்கள். அதற்குக் காலம் ஆகும் என்றால், நிரலை வெளியிடுவதே அதிலுள்ள முறையையும் வெளியிட்டதாகக் கொள்ளப்படும் என்ற விளக்கத்தையாவது எழுத்து வடிவில் உடனே தாருங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
சென்னை