எங்களுக்கும் ஒரு வகுப்பு எடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். போன சித்திரையில் எனக்குப் பேத்தி பிறந்தாள். (சித்திரையில் பிள்ளையா என்று ஊர் முணுமுணுத்ததை விடுங்கள், அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) பிறந்த ஐந்தாம் நாள் ராத்திரி, "உனக்குப் பாலே ஊறலடி, பிள்ளை பட்டினி கிடக்குது" என்று என் மகளிடம் சொன்னவள் நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை. மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி மாவுப்பால் டப்பா வாங்கிவரச் செய்து நானே கலக்கியும் கொடுத்தேன். டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று எழுதியிருந்தது. 1992ஆம் வருடச் சட்டப்படி எழுதியாக வேண்டுமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டுத்தான் எத்தனை கரண்டி போடவேண்டும் என்று தேடினேன்.

ஆகவே யார் மேலேயும் பழி போடும் மடல் இல்லை இது. பழி என்று ஒன்று இருந்தால் அதில் முதல் பங்கு எனக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு அறுவைப் பிரசவம். பிள்ளை 2.9 கிலோ. முதல் இரண்டு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறந்த பிள்ளையின் இரைப்பைக்கு முதல் நாளில் ஒரு டீஸ்பூன் போதும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சொட்டைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. அறுவை ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் கூடுதலாக ஆகலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்தான். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்று ராத்திரியே மகளுக்கு மார் இரண்டும் கல்லாகிவிட்டது. பிள்ளை வாய் வைக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், விட்டுவிட்டு வீறிடும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. வாய் வைக்கும்போதெல்லாம் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு காலை உதறுவாள். "அம்மா, முடியலம்மா" என்று அவள் அழ, பிள்ளையும் அழ, மறுநாள் ராத்திரி நான் டப்பாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் நாத்தனார் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்தார். எதிர்வீட்டு அக்கா பூண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். இரண்டையும் மகள் நன்றாகச் சாப்பிட்டாள், நல்லதுதான். பிள்ளைக்குத் தொண்டை வறளும், அக்னி வெயில், இரண்டு சங்கு தண்ணீர் கொடு என்றார் ஒருவர். பால் கட்டிக்கொண்டால் குண்டுமல்லியை வைத்துக் கட்டு, வலி போய்விடும் என்றார் இன்னொருவர். சித்திரையில் பூவுக்கா பஞ்சம்? முழம் முழமாக வாங்கி வைத்துவிட்டேன். நல்லவேளை, மகள் "கசகசங்குது" என்று கட்டவிடவில்லை.

எட்டாம் நாள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். அவர் வந்தது தடுப்பூசி அட்டை பார்க்கவும் கர்ப்பப் பதிவுக்குக் கொடுக்கும் பிக்மி எண்ணைச் சரிபார்க்கவும்தான். கையில் மூன்று பதிவேடு, ஒரு கைப்பேசி. போகிற அவசரத்தில் இருந்தவர் உள்ளே பிள்ளை வீறிடுவதைக் கேட்டு, "பால் குடுங்க, நான் பாக்கறேன்" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் இருந்திருப்பார். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகத்தான் இந்த மடலே எழுதுகிறேன்.

முதலில் அவர் மாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரியம்மா, பால் இல்லைன்னா சொன்னீங்க? வெளிய வர வழியில்லாம நிக்குது." காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டம் இறுகிப்போனதால் பிள்ளையால் அதைக் கவ்வ முடியவில்லை, காம்பு நுனியை மட்டும் மென்றுகொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் காம்பு வெடித்தது. பால் போகாததால் இன்னும் கட்டியது. நான் டப்பாப் பால் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைத்த ஒவ்வொரு வேளையும் உள்ளே கூடுதலாகத் தேங்கியது. பால் இல்லை என்று நான் முடிவு கட்டிய ராத்திரியில்தான் அது நிறைந்து நின்றிருக்கிறது.

வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பிழியக் காட்டிக் கொடுத்தார். கொஞ்சம் பால் வெளியே போனதும் அந்த இடம் இளகியது. மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். தையல் போட்ட வயிற்றில் பிள்ளையின் பாரம் விழாது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட வேண்டும் என்றார். அதுவரை நாங்கள் பிள்ளையை மல்லாக்க வைத்து முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தோம். "நீங்க கழுத்தைத் திருப்பிக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுப் பாருங்க பெரியம்மா" என்றார். பேசாமல் இருந்தேன்.

காம்பை மேலுதட்டில் தடவி, பிள்ளை கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணைத்தார். மோவாய் மாரில் பதிந்தது. கீழுதடு வெளிப்பக்கம் மடிந்தது. முதல் சில இழுப்புக்கு மகள் முகத்தைச் சுளித்தாள், அப்புறம் முகம் தளர்ந்தது. "கன்னத்தப் பாக்காதீங்க, தொண்டையப் பாருங்க" என்றார். க்ளக், க்ளக் என்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. வாசலில் பம்புசெட் ஓடியும் கேட்டது.

போகும்போது பிள்ளையைத் தூக்குத் தராசில் போட்டார். 2.75 கிலோ. பிறந்த எடையிலிருந்து குறைந்துவிட்டதே என்று நான் பதற, முதல் நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது உண்டு, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும் என்றார். பால் போதுமா என்று அழுகையை வைத்து முடிவு செய்யக்கூடாதாம். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும், இரண்டுக்குப் போவது மஞ்சளாக மாறியிருக்க வேண்டும், எடை ஏற வேண்டும். இருபத்திநாலு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டியதும் பிள்ளை ஐந்து மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவதைப் பார்த்துப் பெருமைப்படாமல், எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். தண்ணீரே வேண்டாம், பாலிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான் என்றார். மார் ஒரு பக்கம் சிவந்து குளிர்காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொன்னார். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாதாம். மூலையில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு, பால் வற்ற வேண்டும் என்றால்தான் அதைக் கட்டுவார்கள் என்றார். பின்னால் விசாரித்தேன், வேலூரில் மருத்துவர்கள் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குண்டுமல்லியால் சுரப்பு குறையத்தான் செய்கிறதாம். எங்கள் பாட்டிகளுக்குப் பூவின் குணம் தெரிந்திருந்தது. எதற்குக் கட்டுவது என்பதைத்தான் நாங்கள் நடுவில் தொலைத்துவிட்டோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டப்பாப் பாலை முழுதாக விட இரண்டரை வாரம் ஆனது. நடுவில் பிள்ளை வாய் வைக்காத வேளைகளில் பாலைக் கையால் பிழிந்து எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துப் பாலாடையில் புகட்டினோம். நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை, பிழிந்த பால் பிள்ளைக்கு ஆகாது என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சீர்காழி ஞாபகம் வந்தது. குளக்கரையில் அழுத ஞானசம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்தது பொற்கிண்ணத்தில்தானே? நாத்தனார் வாயடைத்துப் போனார். அதே சித்திரையில்தான் அங்கே திருமுலைப்பால் விழா நடக்கிறது. அந்தப் பெயரைப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம், ஒலிபெருக்கியில் சொல்கிறோம். வீட்டுக்குள் மகளுக்கு மார் வலிக்கிறது என்றால் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுக்கிறோம்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். பணியில் இருந்தபோது நானே பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அட்டை பிடிக்கவைத்துக் கடைவீதிவரை கூட்டிப்போயிருக்கிறேன். தாய்ப்பால் அமுதம் என்று தொண்டை கிழியக் கத்தியவள்தான் அந்த ஐந்தாம் நாள் ராத்திரி டப்பாவைத் திறந்தேன். அமுதம் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேல்தான் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை. தையலோடு வீட்டுக்கு வரும் அந்தப் பெண்களுக்கு எப்படிப் படுத்துக் கொடுப்பது என்று காட்டவாவது ஓர் ஆள் வேண்டாமா?

மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று வீடு தேடி வந்து பார்க்கும் ஏற்பாடு திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எட்டாம் நாள் வந்ததற்குக் காரணம் அந்தச் செவிலியரின் சோம்பல் இல்லை. மகளின் பதிவு புகுந்த வீட்டு ஊரில், வலங்கைமான் பக்கம். பிள்ளை பிறந்தது வேறோர் ஊரில், தனியார் மருத்துவமனையில். வந்து இறங்கியது என் வீட்டில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது இந்தப் பக்கம் இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. பிரசவத்துக்குப் பெற்றவள் துணை வேண்டும் என்பதுதானே திருச்சி தாயுமானவர் கதையும். காவிரியில் வெள்ளம், பெற்றவளால் கரை தாண்டி மகள் பிரசவத்துக்கு வரமுடியவில்லை, சாமியே தாயாக வந்து உட்கார்ந்தார். இன்று வெள்ளம் இல்லாமலே தகவல் கரை தாண்ட மாட்டேன் என்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே, இந்தப் பெண் எந்த ஊருக்குப் போகிறாள் என்று கேட்டு அந்த ஊர்ச் செவிலியருக்கு அன்றே செய்தி போகும்படி செய்யுங்கள். தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர வேண்டும். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் ஓடுகிறவர்கள் கிராமச் செவிலியர்கள். கையிலிருக்கும் பதிவேட்டில் ஒன்றைக் குறைத்தால், ஒரு வேளைப் பாலூட்டலை முழுதாக உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

அடுத்தது என்னைப் போன்றவர்களைப் பற்றியது. நீங்கள் பாடம் எடுப்பதெல்லாம் தாய்க்கு. வீட்டில் முடிவெடுப்பது பாட்டி. அறுவை ஆகி, தூக்கம் கெட்டு, காம்பு புண்ணாகிக் கிடக்கும் பெண் பெற்ற தாயை எதிர்த்துப் பேச மாட்டாள். எனக்கோ என் காலத்து அனுபவமும் அரைகுறைதான். அப்போது பிரசவ விடுப்பு 90 நாள். பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று இரண்டாம் மாதமே புட்டிக்குப் பழக்கியவள் நான். இன்று அரசு ஊழியருக்கு 12 மாதம் கொடுக்கிறார்கள், நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களுக்கு அதுவும் இல்லை. எனக்கே தெரியாததை என் மகளுக்கு நான் எப்படிச் சொல்லித் தருவேன்?

அங்கன்வாடி மூலமாக நடக்கும் சமுதாய வளைகாப்புக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். வளையல் போடுகிறீர்கள், கலந்த சாதம் போடுகிறீர்கள். அதற்கு முன்னாலேயே சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்துவிடுகிறோம். எல்லா ஏற்பாடும் பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மறுநாளைக்கு என்று எதுவும் கிடையாது. அந்த விழாவில் அரை மணி நேரம், ஒரு துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு பாட்டிகளுக்கும் மாமியார்களுக்கும் காட்டிக் கொடுங்கள். எப்படிப் பிடிப்பது, கட்டின பாலை எப்படிப் பிழிவது, எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம். அட்டையும் கோஷமும் வேண்டாம்.

டப்பாப் பாலே விஷம் என்று சொல்ல வரவில்லை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் எனச் சிலருக்கு நிஜமாகவே பால் குறைவதுண்டு. பிள்ளைக்கு எடை ஏறவில்லை, மஞ்சள்காமாலை கூடுகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் கூடுதல் பால் தேவைப்படலாம். அதை டாக்டர் எடை போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு நான் சொல்லக் கூடாது. அப்படிக் கொடுக்க வேண்டி வந்த பெண்ணைக் குற்றவாளி மாதிரி பார்க்கவும் கூடாது என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பேத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

வகுப்புக்கு இடம் தேட வேண்டாம், எங்கள் வீட்டுத் திண்ணை பெரியது. இருபது பேர் உட்காரலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள், அதற்கு முன்னால் அடுப்பு வேலை முடியாது. பொம்மையை நானே தைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து
ஒரு பாட்டி