கையெழுத்து வைக்கமுதல்

டென் ஹாக்
ஒல்லாந்து (நெதர்லாந்து)
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைஞ்சிருக்கு. நேற்று ரெலிபோனில் நீ சொன்னதுக்கு "பார்ப்பம்" என்று ஒரு சொல்லோடு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். உடனே பதில் சொல்ல எனக்கு வராது, தெரியும்தானே. எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

உன்ரை பாட்டு ஒன்றை லண்டனில் ஒரு கொம்பனி கேட்குது. ஒரே தடவையில் காசு. பிறகு அந்தப் பாட்டில் உனக்கு ஒரு தொடர்பும் இல்லை, பேரும் வராது. அந்தக் காசில் ஆறு மாத வாடகை கட்டலாம். இதுதானே நீ சொன்னது?

அப்பாவுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் வெஸ்ட்லாந்து கண்ணாடி வீடுகளுக்குள் 27 வருசம் தக்காளி பிடுங்கினவன் நான். காலமை போட்ட றேடியோவை வேலை முடிஞ்சுதான் நிற்பாட்டுவார்கள். விரும்பிக் கேட்டதில்லை, ஆனால் ஒல்லாந்தில் என்னளவுக்குப் பாட்டுக் கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

நான் வந்து இறங்கினது 1986. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் என்றால் எங்களுக்குக் கோட்டை மட்டும்தான். இங்கே வந்தால் ஒரு பழைய விடுதியில் ஆறு பெடியங்களை ஒரு அறைக்குள் விட்டார்கள். படுக்கை, குளிப்பு, பாண், கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு, அவ்வளவுதான். அந்தக் கோடையில் குசினி றேடியோவில் ஓயாமல் ஒரு பாட்டு. மூன்று பெட்டைகள் இங்கிலீஷில் பாடினது. எங்களுக்கு விளங்கின ஒரே சொல் வீனஸ். எங்களோடு இருந்த ஒருத்தன், ஊரில் சாதகம் பார்க்கிறவரின் மகன், "வீனஸ் என்றால் சுக்கிரன்ரா, எங்களுக்குச் சுக்கிர திசை தொடங்கப்போகுது" என்று துள்ளினான். விசா வரப் பிறகும் கனகாலம் எடுத்தது, அது வேறை கதை.

பிறகு தக்காளித் தோட்டத்தில் அதே பாட்டு வரேக்கை, எங்கட மேற்பார்வைக்கார வயசாளி கத்தியைக் கீழே வைச்சிட்டுச் சொன்னார்: இது இங்கிலீஷ்காரரின் பாட்டு இல்லை, எங்கட டென் ஹாக் பாட்டு. எழுதினவர் இந்த ஊர்ப் பெடியன் என்றார். எனக்கு அதை நம்பேலாமல் இருந்தது. இந்த மழையும் காற்றும் பிடிச்ச ஊரிலிருந்து அப்பிடி ஒரு பாட்டா?

அந்தப் பெடியன்தான் றொபி வான் லேவன். 1944இல் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் இந்த ஊர் கிற்றார்ப் பைத்தியம் பிடிச்ச ஊர். அதுக்கு ஒரு காரணம் எங்களைப் போல் வந்து இறங்கினவர்கள்தான். இந்தோனேசியா ஒல்லாந்தின் கையைவிட்டுப் போனபிறகு அங்கிருந்து வந்த கலப்புக் குடும்பங்களின் பெடியங்கள் எலெக்ட்ரிக் கிற்றாரைத் தலைக்குப் பின்னால் பிடிச்சு வாசிச்சு ஊரைக் கலக்கினார்கள். ரீல்மன் சகோதரர்கள் என்று ஒரு குழு இருந்தது, யூரியூப்பில் பார், சிரிப்பாய்.

றொபி முதலில் மோஷன்ஸ் என்ற குழுவில் இருந்தார். 1967இல் ஷொக்கிங் புளூ என்று தன்ரை சொந்தக் குழுவைத் தொடங்கினார். அடுத்த வருசம் மரிஸ்கா வேரெஸ் என்ற பெண் பாட வந்து சேர்ந்தார், தகப்பன் ஹங்கேரி ஜிப்சி வயலின்காரர். பாட்டு எழுதுறது, கிற்றார் அடிக்கிறது, ஸ்ரூடியோவில் இருந்து தயாரிக்கிறது எல்லாம் றொபி. கறுத்தத் தலைமயிர், மை தீட்டின கண், அந்தக் குரல் எல்லாம் மரிஸ்கா. ஊர் பார்த்தது அவரைத்தான். 1969இல் "வீனஸ்" வந்தது. 1970 பெப்ரவரியில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலாம் இடம். ஒல்லாந்துக் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை.

இதில் உனக்குப் பிடிக்கிற சங்கதி ஒன்று இருக்கு. தாளில் பாட்டை எழுதேக்கை, பெண் தெய்வத்துக்கு உரிய இங்கிலீஷ் சொல் "கொடெஸ்" இல்லையா, அதைப் பிழையாக "கொட்னெஸ்" என்று எழுதிவிட்டார். மரிஸ்காவும் எழுதினபடியே பாடினார். அந்தப் பிழையோடுதான் அது அமெரிக்காவை வென்றது. உன்ரை தமிழ் எழுத்துப்பிழைக்கு நான் சின்னனில் ஏசினதெல்லாம் ஞாபகம் வருது.

அந்த வட்டு ஒன்று என்னட்டை இருக்கு. சந்தையில் 1 யூரோவுக்கு வாங்கினது. நடுவில் ஒட்டின வட்டத் தாளில் பாட்டின் பேர் பெரிசாக இருக்கு. அதுக்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும், அடைப்புக்குறிக்குள் எழுதினவரின் பேர். நேற்று இரவு லைற்றுக்குக் கீழே பிடிச்சுப் பார்த்தனான். உனக்குச் சொல்ல வந்ததே அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

ஏனென்றால் றொபிக்கு வாழ்க்கை முழுக்கச் சோறு போடக்கூடியது அந்தச் சின்ன எழுத்துத்தான். 1973 அளவில் அவர் ஷொக்கிங் புளூவை விட்டு விலகினார். அடுத்த வருசம் குழுவும் கலைஞ்சது. மண்டலின் வைச்சு ஒரு குழு நடத்திப் பார்த்தார், அது பெரிசாக எடுபடவில்லை. பிறகு இன்னொரு குழு. அதுக்குப் பிறகு லக்சம்பேர்க் பக்கம் போய் ஒதுங்கிவிட்டார். ஆனால் பாட்டு ஒதுங்கவில்லை. 1979இல் வில்லெம் வான் கோட்டன் என்ற பாட்டுப் பதிப்பாளர் ஒரு றெக்கோட் கடைக்குப் போக, அங்கே ஆரோ களவாகப் பல பாட்டுகளை ஒட்டித் தைச்ச வட்டு ஒன்று ஓடுது. அதுக்குள்ளே "வீனஸ்" துண்டு. அந்தப் பாட்டின் உரிமை அவரிட்டை இருந்ததால் ஆரும் அனுமதி கேட்கவில்லை என்று அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. மனுசன் சண்டைக்குப் போகாமல், கோல்டன் இயரிங் குழுவில் முந்தி ட்றம்ஸ் அடிச்ச யாப் எக்கர்மொன்டைக் கூப்பிட்டு, இதையே முறையாகச் செய் என்றார். "ஸ்டார்ஸ் ஒன் 45" அப்பிடித்தான் பிறந்தது. 1981இல் அதுவும் அமெரிக்காவில் முதலாம் இடம். அங்கே வட்டில் சேர்த்த பாட்டுகளின் பேர் எல்லாத்தையும் தலைப்பிலேயே போடவேண்டி வந்து, தலைப்பு அனுமார் வாலாக நீண்டுவிட்டது. வால் தொடங்கிறதே "வீனஸ்" என்ற பேரோடுதான், அதுவும் சில விநாடி வாற தொடக்கத்துக்கு.

1986இல் பனானராமா பாடினபோது மூன்றாம் தரம் அமெரிக்காவில் முதலாம் இடம், எங்கட குசினி றேடியோவில் கேட்டது அதுதான். சாதகக்காரரின் மகன் சொன்ன சுக்கிர திசை 20 வருசத்தில் முடியும். றொபியின் சுக்கிர திசைக்கு முடிவே இல்லை. அவருடைய இன்னொரு பாட்டு, "லவ் பஸ்", சித்தார் சத்தத்தோடு 1969 அல்பத்தில் கிடந்தது. 1988இல் ஆருக்கும் தெரியாத ஒரு அமெரிக்கக் குழு தன்ரை முதல் வட்டுக்கு அதைத்தான் எடுத்தது. நம்பர் போட்டு அடிச்சது 1000 பிரதி. அந்தக் குழு நிர்வாணா. நீ பதினாலு வயசில் அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் போட்ட சத்தம்.

இன்னொரு பக்கமும் சொல்லவேணும், இல்லாட்டி நான் கதை அளக்கிறேன் என்பாய். "வீனஸ்" மெட்டு முழுக்க றொபியின் தலையில் முளைச்சதில்லை. 1963இல் பிக் த்ரீ என்ற அமெரிக்கக் குழு "பாஞ்சோ சோங்" என்று ஒன்று பாடியிருக்கு. கேட்டுப் பார், அந்தக் கிற்றார் வெட்டு அப்பிடியே வரும். பேர் போட்டது றொபி மட்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் "பாஞ்சோ சோங்" சொற்களும் கடன்தான், "ஓ சுசானா" என்ற பழைய பாட்டிலிருந்து. 1848இல் அச்சில் வந்த அந்தப் பாட்டை எழுதின ஸ்டீவன் ஃபொஸ்டருக்குக் கிடைச்சது 100 டொலர். அச்சடிச்சு வித்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். 1864இல் நியூயோர்க்கில் 37 வயசில் செத்தபோது அந்த மனுசனின் பேர்ஸில் இருந்தது 38 சதம். நூறு டொலர் வாங்கின நேரம் அவருக்கும் ஏதோ வாடகை கட்டவேண்டித்தான் இருந்திருக்கும்.

மரிஸ்காவையும் யோசிச்சனான். 2006இல் இந்த ஊரிலேயே காலமானார். உலகத்துக்கு அந்தப் பாட்டு என்றால் அவருடைய குரல். ஆனால் பாட்டு எழுதினவருக்கு என்று வாற பங்கில் பாடினவருக்கு இடமில்லை. பனானராமா பாடினால் காசு றொபிக்குப் போகும், மரிஸ்காவுக்குப் போகாது. பாட்டு எழுதினவர்களுக்கு வாற காசைச் சேர்த்துக் குடுக்கிறதை இங்கே பூமா ஸ்தெம்ரா என்ற அமைப்பு பார்க்குது. தக்காளித் தோட்டத்தில் வேலையாட்களுக்கு றேடியோ போட்டாலும் முதலாளி கட்டணம் கட்டவேணும். அதில் ஒரு துளி, பாட்டு எழுதினவர் செத்து 70 வருசம் வரைக்கும், எழுதினவரின் பேரைத் தேடிப் போகும். பேர் இருந்தால்தான் தேடிப் போகலாம்.

நீ அனுப்பின பாட்டை நாலு தரம் கேட்டனான். நடுவில் சொல் இல்லாமல் ஒரு முனகல் வருதே, அது அம்மம்மாவின் ஓராட்டு. நீ தொட்டிலில் கேட்டது. அம்மா கேட்ட உடனேயே கண்டுபிடிச்சிட்டா, குசினிக்குள்ளே போய் மூக்கைச் சிந்தினா. அதை ஆரோ ஒருத்தர் தன்ரை பேரில் போட்டு வித்தால், நாளைக்கு உன்ரை பிள்ளைக்கு அதை நீ பாடுறதுக்கு ஆரிட்டை அனுமதி கேட்கிறது?

விக்காதே என்று நான் சொல்லவில்லை. பாடுற உரிமையைக் குடு, வட்டுப் போடுற உரிமையைக் குடு, காசு குறைவாகவே தரட்டும். எழுதினது நீ என்ற பேரை மட்டும் விடாதே. அவர்கள் தந்த ஒப்பந்தத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இங்கிலீஷ் முழுக்க விளங்காது, ஆனால் எங்கே உன்ரை பேர் இருக்கு, எங்கே இல்லை என்று பார்க்கத் தெரியும்.

அம்மா ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி கட்டி வைச்சிருக்கிறா, செவ்வாய்க்கிழமை போடுவன். வாடகைக்கு எவ்வளவு குறையுது என்று எழுது.

அன்புடன்,
அப்பா