ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை மாற்றுங்கள்: ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் நாங்கள், ஒரே ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறோம். காடு, பறவை, தண்ணீர் என்று இயற்கை சார்ந்த உரைநடை எது வந்தாலும் பத்தி வினாவாக நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இக்கட்டுரை வழியாக ஆசிரியர் சொல்ல வரும் கருத்து என்ன? அதற்கு வரும் விடையும் ஒன்றுதான். இயற்கை நம் தாய், மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம், வருங்காலத் தலைமுறைக்குப் பூமியை விட்டுச்செல்வோம். பாடத்தைத் திறந்தே பார்க்காத பிள்ளையும் இதை எழுதி நாலு மதிப்பெண் வாங்கிவிடும். திருத்துகிறவரும் போட்டுத்தான் ஆகவேண்டும். அதில் தப்பு என்று எதைச் சுழிப்பது?

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். வகுப்பில் அதை எப்படி நடத்துவது, எங்கெங்கே சறுக்கும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறோம். வினாத்தாளில் வராத எதுவும் வகுப்பில் நிற்பதில்லை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் அளவு. முழுப் பாடத்தையும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. 250 முதல் 300 சொல்லுக்குள் ஒரு பகுதியை எடுத்து, வாக்கியங்களுக்கு ஓரத்தில் எண் போடவேண்டும். பதினைந்து இருபது வாக்கியம் தேறும். ஆசிரியர் ஒருமுறை நிறுத்தாமல் வாசிக்கட்டும். நடுவில் தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே போகக்கூடாது. இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் கவிழ்கின்றன. தமிழில் சொன்ன மறுகணமே பிள்ளைகள் அந்தத் தமிழைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஆங்கில வினைச்சொல் காற்றோடு போய்விடுகிறது. தெரியாத சொற்களில் ஆறை மட்டும் கரும்பலகையில் எழுதினால் போதும்.

அடுத்து பென்சில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: எழுதியவர் கண்ணால் பார்த்தது என்றால் 'பா', பார்த்ததை வைத்து ஊகித்தது என்றால் 'ஊ', வாசகரிடம் ஒன்றைக் கேட்டால் 'கே'. பூநாரைகள் முழங்கால் நீரில் நின்று மேய்ந்தன என்பது பா. நீர்மட்டம் ஏறியதால் அவை வடக்கே நகர்ந்திருக்கலாம் என்பது ஊ. இந்த ஏரியைக் காப்பது நம் கடமை என்பது கே. நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு. 45 நிமிடப் பாடவேளையில் முதல் இருபது நிமிடம் குறிக்க, மிச்சம் சண்டை போட. அந்தச் சண்டைதான் பாடம்.

சண்டை எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. பெயரடை எல்லாமே கருத்துதான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். 'ஷாலோ' (ஆழமில்லாத) என்பது அளவு, கோலை ஊன்றிப் பார்த்துச் சொல்லலாம். 'பியூட்டிஃபுல்' எழுதியவரின் மனசு. 'ஃப்ராஜைல்' என்ற சொல்லில்தான் வகுப்பு இரண்டாகப் பிளக்கும். வருணனை மாதிரி இருக்கிறது, உள்ளே ஒரு ஊகம் உட்கார்ந்திருக்கிறது: ஏதோ ஒன்று பட்டால் இது உடையும். எது பட்டால்? அடுத்த வாக்கியம் அதைச் சொன்னால் 'ஊ' போடலாம். சொல்லாவிட்டால் அது வெறும் தோரணம். இந்த ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் போனாலும் நஷ்டம் இல்லை. ஒரே வாக்கியத்தில் பார்த்ததும் ஊகித்ததும் சேர்ந்தே வந்தால் இரண்டு எழுத்தும் போடச் சொல்லுங்கள். ஒன்றுதான் போடவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அழிப்பான்தான் தேயும். பிறகு 'மே', 'மைட்', 'குட்', 'மஸ்ட்', 'ஷுட்' ஆகிய ஐந்தையும் வட்டமிடச் சொன்னால், 'ஊ'வும் 'கே'யும் பாதிக்கு மேல் தானாகவே வெளியே வந்துவிடும். துணைவினை இலக்கணத்தைத் தனியாக நடத்தும் வேலையும் அதிலேயே முடிகிறது.

இரண்டாவது பாடவேளை பாஸிவ் வாய்ஸுக்கு. செயப்பாட்டுவினையை நாம் எல்லோரும் கணக்கு மாதிரி நடத்துகிறோம்: செயப்படுபொருளை முன்னே தூக்கு, 'பை' சேர், முடிந்தது. சூழல் கட்டுரையில் அதே உருவம் வேறு வேலை பார்க்கிறது. 'தி லேக் ஹேஸ் பீன் டிகிரேடட்.' ஏரி கெடுக்கப்பட்டிருக்கிறது. கெடுத்தது யார்? இதை ஆக்டிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொன்னால், நோட்ஸில் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் 'சம்ஒன்' என்று போடுவார்கள். யாரோ ஒருவர் ஏரியைக் கெடுத்துவிட்டார். இலக்கணத்தில் முழு மதிப்பெண். அந்த 'சம்ஒன்'னை அங்கேயே நிறுத்திவைத்து, அந்த இடத்தில் யார் யாரையெல்லாம் போடலாம் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: முகத்துவாரத்தில் வந்து சேரும் மணல், ஆரணியாற்றில் வரும் கழிவு, தண்ணீர் வராத வருஷம், வலை, தொழிற்சாலை, சாலை. கட்டுரை இவற்றில் எதையாவது சொல்கிறதா? சொல்லவில்லை என்றால், எழுதியவருக்குத் தெரியாததாலா, தெரிந்தும் விட்டுவிட்டதாலா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. கிடைக்கவில்லை என்று எழுதுவதும் சரியான விடை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இட்டுக்கட்டுவார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட். அவர் 1948-ல் இறந்த பிறகு, 1949-ல் வெளிவந்த நூலில் ஓநாய் பற்றிய ஒரு கட்டுரை இருக்கிறது. இளவயதில் ஓநாயைத் தாமே சுட்டதை 'நான்' என்ற எழுவாயோடு எழுதுகிறார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பியது, சுட்டது, பிறகு மான் பெருகி மலைச்சரிவு மொட்டையானதைப் பார்த்தது, அதனால் எண்ணம் மாறியது. நம்பிக்கை, செயல், காட்சி, மாற்றம் என்ற இந்த நாலு படியையும் பென்சிலால் பிரித்துக் காட்டலாம். பாஸிவ் வாக்கியத்தை அலசிய மறுநாள் இதை வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது நாளுக்கு எண்களும் இந்த மண்ணும். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு என்பதில் எல்லாக் கட்டுரைகளும் ஒத்துப்போகும். பரப்பளவு என்று வந்தால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மழை முடிந்த கையோடு ஏரி விரிந்து கிடக்கும், கோடையில் ஆந்திரப் பக்கத்து வடபகுதி வெறும் சேற்று வெளியாகக் காய்ந்துவிடும். எந்த மாதம் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு இங்கே பாதி மதிப்புதான். கரிப்பும் அப்படியே; மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் கடலைவிட உப்பு. ஆகவே எண் வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் மூன்று கேள்வி: எப்போது, எங்கே, யார் எண்ணியது? மூன்றுக்கும் விடை இருக்கும் வாக்கியம் அபூர்வம்.

மீன்பிடிப்பைப் பற்றி வெளியாட்கள் எழுதும் கட்டுரைகளில் 'அன்ரெகுலேட்டட்' என்ற சொல் வரக்கூடும். கட்டுப்பாடு இல்லாத மீன்பிடிப்பு. பாடு முறையில், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது இந்த ஏரிக்கரையின் பழைய ஏற்பாடு. பாடு முறையில் பங்குள்ள வீட்டுப் பிள்ளை அந்தச் சொல்லைப் பார்த்ததும் கையைத் தூக்கும், தூக்கட்டும். ஆனால் 'ஆசிரியர் சொல்வது தப்பு' என்ற அளவில் விட்டுவிடக்கூடாது. பாடு எதைக் கட்டுப்படுத்துகிறது? இடத்தையும் முறையையும். வலைக்கண்ணின் அளவுக்கும் மொத்த வலை எண்ணிக்கைக்கும் அது மட்டும் விடையாகிவிடுமா? இதை ஐந்து ஆங்கில வாக்கியத்தில் எழுதச் சொன்னால், ஊர்ப்பற்றில் எழுதுவதற்கும் சான்றோடு எழுதுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு பிடிபடும்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சனைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 1962-ல் அவர் வெளியிட்ட நூல் ஒரு கற்பனை ஊரோடு தொடங்குகிறது: பறவை பாடாத வசந்தம், இனம்தெரியாத நோய். அப்படி ஒரு ஊரே கிடையாது என்று அந்த அத்தியாயத்தின் கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு கேடும் எங்கோ ஓரிடத்தில் நடந்ததுதான், எல்லாம் ஒரே ஊரில் நடக்கவில்லை என்கிறார். முதல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பத்தியாகக் கொடுத்தால், பூச்சிமருந்தால் அழிந்த ஊர் ஒன்று இருந்தது என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். அது பிள்ளையின் தப்பு அல்ல, வெட்டிய கத்தரிக்கோலின் தப்பு. பகுதி தேர்ந்தெடுக்கும்போது இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பா-ஊ-கே முறை கவிதைக்கு உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கேரளத்தின் பாலக்காட்டுச் சைலன்ட் வேலி காட்டில் குந்திப்புழை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தபோது, மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரத்தைத் துதித்துக் கவிதை எழுதினார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் திட்டத்தின் லாப நஷ்டத்தைக் கணக்குப் போட்டு அறிக்கை வெளியிட்டது. 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. கவிதையிடம் போய்ச் சான்று எங்கே என்று கேட்பதும் அறிக்கையிடம் போய் உணர்ச்சி எங்கே என்று கேட்பதும் ஒரே வகை அசட்டுத்தனம்.

நான்காம் நாள் வகுப்புக்கு வெளியே. ஏரிவரை போகவேண்டியதில்லை, பள்ளிச் சுற்றுச்சுவரில் உட்காரும் காக்கை போதும். பத்து நிமிடம், ஒரே உயிர், ஆறு வினைச்சொல், 'ஈஸ்' கூடாது. இந்தத் தடையைப் போடாவிட்டால் 'தி க்ரோ ஈஸ் பிளாக்' என்று ஆரம்பித்து நாலே வரியில் நின்றுவிடும். பூநாரை எப்படி மேய்கிறது என்பது இதற்கு நல்ல பயிற்சி. காலால் சேற்றைக் கலக்கும், தலையைக் கவிழ்த்து அலகை மேல்கீழாக்கி நீரில் வைக்கும், தண்ணீரை வெளியே தள்ளி இரையை உள்ளே நிறுத்தும். 'ஈட்' என்று எழுதும் பிள்ளையிடம், அம்மா மாவை என்ன செய்வார் என்று கேளுங்கள். சலிப்பார். அதுதான் 'ஸிஃப்ட்'. வீட்டில் சல்லடை பார்த்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலச் சொல் அதற்குப் பிறகு மறக்காது. மேலே தமிழில் பொருள் சொல்லக்கூடாது என்றோமே, அது கட்டுரையை வாசிக்கும் நேரத்துக்கு. சொல் தேடும் நேரத்தில் தமிழ்தான் தோணி.

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திராவின் தடா. வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆந்திராவின் நேலபட்டு பறவைகள் சரணாலயத்து மரங்களில் கூடு கட்டி இந்த ஏரியில் இரைதேடும் பறவையை நாம் கூழைக்கடா என்கிறோம், அவர்கள் கூடபாத்து என்பார்கள். அதில் பாத்து என்றால் வாத்து. அது வாத்தே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், பெயரிலும் ஒரு 'ஊ' இருக்கிறது என்று காட்டிவிடலாம்.

மாதிரிக்கு வெளிநாட்டுக்கே ஓடவும் வேண்டாம். திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதினார். யானையையும் எழுதினார், வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரண உயிர்களையும் எழுதினார். அவற்றில் ஒன்றைக் கொடுத்து 'கருத்து என்ன' என்று கேட்டுப் பாருங்கள். பலவற்றில் பிள்ளைக்கு எழுத ஒன்றும் இருக்காது. பார்த்தது மட்டும்தான் பக்கம் முழுக்க இருக்கும்.

இனி வினாத்தாள். பாடத்திலிருந்து எடுக்காத 120 சொல் பகுதி ஒன்று, வாக்கியங்களுக்கு 1 முதல் 8 வரை எண் போட்டு. அ) எழுதியவர் நேரில் பார்த்ததாகத் தெரியும் இரண்டு வாக்கியங்களின் எண்ணை மட்டும் எழுதுக; 1 மதிப்பெண். ஆ) செய்தவர் மறைந்திருக்கும் வாக்கியம் ஒன்றை எடுத்து, செய்தவரைப் பகுதி சொல்கிறதா எனக் காட்டுக, 2. இ) ஒரு கூற்றை நம்புமுன் நீங்கள் கேட்க விரும்பும் இரண்டு கேள்விகளை எழுதுக, 2. இ பிரிவில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், கேள்வி புரிந்தால் போதும். ஆ பிரிவில் 'சம்ஒன்' என்று மட்டும் எழுதியிருந்தால் சுழியம். 'பகுதி சொல்லவில்லை' என்று வாக்கிய எண்ணோடு எழுதியிருந்தால் முழு 2.

திருத்த நேரமாகும் என்பீர்கள். எண்ணையும் நாலு வரியையும் திருத்துவது, ஒரு பக்க 'இயற்கை நம் தாய்' வாசிப்பதைவிடச் சீக்கிரம் முடியும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பீர்கள். அ பிரிவுக்கு ஒரு வாக்கியம்கூட எழுதவேண்டாம், படித்தால் போதும். நோட்ஸ் போடுகிறவர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், அது உண்மை. பகுதியை ஒவ்வொரு தேர்விலும் மாற்றினால் கொஞ்ச காலம் தாங்கும்.

இந்த அமைப்பில் ஏரி, வயல், உப்பளம் பற்றி மூன்று பகுதிகளும் மதிப்பெண் வழங்கும் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் ஒரு நாள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம். மூன்றில் உப்பளம் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் கடினம். அதைக் காலாண்டுக்கு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் சிலர்